மாடிவீட்டுக்காரரின் மூணாவது முதல் நாள்

முதல்லயே சொல்லிடறேன், எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. கட்டடம் கட்டுற இடத்துல கிரேனுக்குச் சிக்னல் குடுக்கிற வேலை எனக்கு. பதினோரு வருஷமாச்சு. தலைக்கு மேல ரெண்டு டன் கம்பி போய்க்கிட்டிருக்கும், அதுக்கு நேர் கீழ நின்னு ஒருத்தன் செல்போன்ல இளிச்சுக்கிட்டிருப்பான். அவனைக் கொஞ்சவா முடியும்? கத்திக் கத்தியே என் தொண்டை இப்படி ஆயிடுச்சு. சைட்ல எல்லாரும் என்னைச் சிக்னல் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. முதுகுக்குப் பின்னாடி வேற பேரும் இருக்கு. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க, பாவம்.

இது என்னைப் பத்தின கதை இல்ல. எனக்கு மேல அறுபது மீட்டர் உசரத்துல, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து கிரேன் ஓட்டுற தம்பியைப் பத்தினது. கூடப் பொறந்தவன் இல்ல. ஆனா எட்டு வருஷமா நாள் பூரா அவன் காதுக்குள்ள நான் பேசுறேன், என் காதுக்குள்ள அவன் பேசுறான். கட்டின பொண்டாட்டிகூட அவன்கிட்ட அவ்வளவு பேசியிருக்க மாட்டா. காலையில ஏணியில ஏறினான்னா சாயங்காலம்தான் இறங்குவான். சாப்பாட்டுத் தூக்கு, தண்ணி பாட்டில், முகம் துடைக்க ஒரு துண்டு, எல்லாம் முதுகுப் பையில கூடவே போயிடும். அதனால சைட்ல அவனுக்கு மாடிவீட்டுக்காரர்னு பேரு. "என்ன மாடிவீட்டுக்காரரே, வீடெல்லாம் சௌகரியமா இருக்கா?"ன்னு கேலி பண்ணுவாங்க. "நல்ல காத்தோட்டம். பக்கத்து வீட்டுச் சண்டையும் கிடையாது"ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறிடுவான்.

வேலையில அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆள் உசரத்துக்கு இருக்கிற கண்ணாடிப் பலகையைத் தூக்கி, ஒன்பதாவது மாடி ஜன்னல் சட்டத்துல, ரெண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விட்டு நுழைச்சிருக்கான். நான் "இன்னும் கொஞ்சம்"னு சொன்னா எவ்வளவு கொஞ்சம்னு அவனுக்குத் தெரியும். ஒரு தடவை திடீர்னு சூறைக்காத்து வந்து, கூண்டே ஆடுது. கீழ இருந்த எனக்கு உயிரே இல்ல. அவன் சரக்கைப் பத்திரமா தரையில வெச்சுட்டு, நிதானமா ஏணியில இறங்கி வந்து, "டீ இருக்காக்கா?"ன்னு கேட்டான். அப்படிப்பட்ட நெஞ்சழுத்தக்காரன்.

எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ரேடியோல பொய் கிடையாது. மேல இருக்கிறவனுக்கு எல்லா இடமும் தெரியாது. சுவருக்குப் பின்னாடி, தூணுக்குப் பின்னாடி எல்லாம் நான்தான் அவன் கண்ணு. "ஆள் இல்ல, இறக்கு"ன்னு நான் சொன்னா அவன் யோசிக்காம இறக்கணும். ஒரே ஒரு தடவை நான் சும்மா சமாதானத்துக்காக ஒரு பொய் சொல்லிட்டேன்னு வைங்க, அடுத்த தடவை அவன் கை ஒரு நிமிஷம் தயங்கும். அந்த ஒரு நிமிஷம் எங்க பொழப்புல பெரிய விஷயம்.

இவ்வளவு கெட்டிக்காரன், சொந்த மகள் உதட்டைப் பிதுக்கினா போதும், ஆள் காலி. மூணரை வயசு அவளுக்கு. வீட்டுல திருகாணின்னு கூப்பிடுறாங்க. ஒரு கேள்வியைப் புடிச்சா திருகிக்கிட்டே உள்ள போயிடுவா, அதான். "சிக்னல் அத்தை, நீங்க ஏன் கத்துறீங்க? அவங்களுக்குக் காது கேக்காதா? கேக்கும்னா ஏன் கத்துறீங்க?" இப்படி.

அவ பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அப்பன்காரன் அவளுக்குக் கிரேன் சைகை எல்லாம் கத்துக் குடுத்துட்டான். வீட்டுல இதுதான் விளையாட்டு. அவன் கிரேன், அவ சிக்னல். விரலை மேல காட்டிச் சுத்தினா தூக்கணும். கீழ காட்டினா இறக்கணும். ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்னயும் பின்னயும் வீசினா அவசர நிறுத்தம். அப்படியே சிலை மாதிரி நிக்கணும். மத்த சைகையைச் சிக்னல்காரங்க மட்டும்தான் குடுக்கலாம். நிறுத்தச் சைகையை மட்டும் யாரு வேணா குடுக்கலாம், டீ கொண்டு வர்றவன், வழியில போறவன், யாரா இருந்தாலும் சரி. பார்த்த உடனே நிறுத்தணும், அப்புறம்தான் காரணம் கேக்கணும். இது உலகத்துல எல்லாக் கிரேனுக்கும் உள்ள சட்டம். இதையும் அவ தலையில ஏத்தி வெச்சிருக்கான்.

விளைவு? குளிப்பாட்டக் கூப்பிட்டா நிறுத்தம். எண்ணெய் தேய்க்க வந்தா நிறுத்தம். இருமல் மருந்து ஸ்பூன்ல வந்தா நிறுத்தம். இவனும் ஸ்பூனைப் புடிச்சபடி சிலையா நிப்பான். "ரூல்னா ரூல்தானே?"ன்னு கேப்பானாம். "ரெண்டு பேரையும் ஏதாவது கொக்கியில மாட்டி விடுங்கக்கா"ன்னு அவன் பொண்டாட்டி என்கிட்ட அழாத குறையா சொன்னா.

அவ ரயில் நிலையத்துல டிக்கெட் கவுன்ட்டர்ல வேலை பார்த்தவ. படிச்சுப் பரீட்சை எழுதி வாங்கின வேலை. திருகாணி பொறந்ததும் நீண்ட லீவு போட்டா. அந்த லீவு முடிஞ்சுது. இந்தத் திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்து கையெழுத்துப் போடணும், இல்லேன்னா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவோம்னு கடுதாசி வந்துடுச்சு. குழந்தையைப் பார்த்துக்க வீட்டுல வேற யாரும் இல்ல. ஆக, திருகாணி பள்ளிக்கூடத்துல இருந்தாத்தான் அம்மாக்காரிக்கு வேலை.

சேர்க்கிறதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. சேர்க்கிறது கஷ்டமே இல்ல. விட்டுட்டு வர்றதுதான் கஷ்டம். முதல்ல ஒரு மழலையர் பள்ளியில சேர்த்தாங்க. இவன் கொண்டு போய் விட்டான். தெருமுனை வரைக்கும் நடந்தான். உள்ள ஏதோ ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டிருக்கு. திரும்ப ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்துட்டான். அழுதது வேற யாரோ வீட்டுக் குழந்தை. இவ உள்ள களிமண்ணுல பாம்பு பண்ணிக்கிட்டிருந்தாளாம். கையில பாதிப் பாம்போட வீட்டுக்கு வந்தா.

அடுத்த வாரம் ரெண்டாவது பள்ளிக்கூடம். அங்க இவ அழவே இல்ல. யாருமே அழல. "அது எப்படிக்கா, ஒரு குழந்தைகூட அழல? ஏதோ சரியில்ல"ன்னு சொல்லிப் பதினோரு மணிக்கே கூட்டிட்டு வந்துட்டான். என்னத்தைச் சொல்ல! அன்னிக்கு வீட்டுல செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டான். "முதல் நாள்னா ஒரு தடவைதான் வரும். உங்களுக்கு மட்டும் எப்படி வாராவாரம் வருது? பள்ளிக்கூடத்துல நாம யாரைங்க சேர்க்கிறோம், அவளையா, உங்களையா?"ன்னு கேட்டாளாம். நியாயமான கேள்விதான்.

மூணாவதா கிடைச்சது எங்க சைட்டுக்கு அடுத்த காம்பவுண்ட். நடுவுல ஒரு மதில் சுவர்தான். கிரேனோட நீட்டுக் கை அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது, அதுக்குன்னு பூட்டுப் போட்டிருக்கு. ஆனா கூண்டுல இருந்து பார்த்தா பள்ளிக்கூடத்து முற்றம் நல்லாத் தெரியும். "அக்கா, இது போதும். மேல இருந்து அப்பப்ப ஒரு பார்வை பார்த்துக்குவேன். மனசு தாங்கிடும்"னான்.

"அப்பப்பவா? உன் கண்ணு சரக்குல இருக்கணும்டா"ன்னு ஒரு போடு போட்டேன்.

"சரக்கு கொக்கியில இல்லாத நேரத்துலதான்க்கா. அவ அழுதா நீங்க சொல்வீங்களா?"

"கேக்காதே. கேட்டா நான் உண்மையைத்தான் சொல்லணும். அதனால கேக்கவே கேக்காதே."

தலையாட்டினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமா இருந்துச்சு, ஆனா காட்டிக்கல.

திங்கட்கிழமை வந்துச்சு. அவன் பொண்டாட்டி விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா. கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கா: "இன்னிக்கு நீங்க அவளைத் திரும்பக் கூட்டிட்டு வந்தா, நாளைக்கு நான் வீட்டுலதான் இருப்பேன். அதுக்கப்புறம் எப்பவும் வீட்டுலதான்." சண்டை மாதிரி சொல்லல, மெதுவா சொல்லியிருக்கா. சண்டை போட்டிருந்தாத் தேவலைன்னு அவன் என்கிட்ட அப்புறம் சொன்னான்.

பள்ளிக்கூடம் எட்டரைக்கு. எங்க வேலை எட்டுக்கு. அந்த அரை மணி நேரத்துக்காக நான் சூப்பர்வைசர்கிட்ட மல்லுக்கு நின்னேன். அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்ல. வாயைத் திறந்தா "டைம் ஆகுது, டைம் ஆகுது" அதைத் தவிர வேற பேச்சே வராது. "உங்க பிள்ளையை நீங்க ஒரு நாளாவது பள்ளிக்கூடத்துல விட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். சரி, வரட்டும்னுட்டார். எட்டே முக்காலுக்கு நம்ம ஆளு வந்தான். நான் ஒரு லாரிக்காரனைத் திட்டிக்கிட்டிருந்தேன். எனக்கு ஒரு கையைக் காட்டிட்டு நேரா ஏணியில ஏறிட்டான். நான் நிமிர்ந்துகூடச் சரியாப் பார்க்கல.

வேலை ஆரம்பிச்சுது. ரெண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்ல. செங்கல் போச்சு, பலகை போச்சு. ரேடியோல வழக்கமான பேச்சுத்தான். அவன் அவளைப் பத்திக் கேக்கவே இல்ல. பரவாயில்லையே, தேறிட்டான்னு நெனச்சேன். பத்தே முக்காலுக்குக் கம்பிக் கட்டு ஒண்ணு ஏறிக்கிட்டிருந்துச்சு. ஆறாவது மாடி உசரம் போயிருக்கும். சட்டுனு நின்னுடுச்சு. ஆட்டம் அசைவு இல்லாம அந்தரத்துல அப்படியே நிக்குது.

"தம்பி, என்னாச்சு? மெஷின்ல கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நிறுத்தச் சொல்லிச் சைகை வந்திருக்குக்கா."

நான் சுத்திமுத்திப் பார்த்தேன். எங்க ஆளுங்க ஒருத்தரும் கையை அசைக்கல. "யாருடா குடுத்தது?"

மெதுவா, "திருகாணி" அப்படின்னான்.

"டேய், விளையாட்டுக்குப் பண்ணியிருப்பா. கம்பி தொங்குதுடா!"

"யாரு குடுத்தாலும் நிறுத்தணும், காரணம் தெரியாம நகர்த்தக் கூடாது, இது நீங்க சொன்னதுதானேக்கா? நான் கம்பியை விட்டுக் கண்ணை எடுக்கல. ஓரக்கண்ணுல கை வீசுறது தெரிஞ்சுது, நிறுத்தினதுக்கு அப்புறம்தான் யாருன்னு பார்த்தேன். இப்போ ஒண்ணு இல்ல, பன்னெண்டு பேரு நிறுத்தச் சொல்றாங்க. அவங்க இடத்துல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல. நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. இல்லேன்னா நான் இறங்கி வரேன்."

இறங்கி வரேன்! இவன் இறங்கினா நேரா அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் போவான். போனாத் தூக்கிக்குவான். தூக்கினா இறக்க மாட்டான். ரயில் நிலையத்துல ஒருத்தி மூணரை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கவுன்ட்டர்ல உக்காந்திருக்கா.

"நீ இருக்கிற இடத்தை விட்டு அசையாதே! நான் போறேன்"னு கத்தினேன். அதுக்குள்ள சூப்பர்வைசர் "டைம் ஆகுது"ன்னு ஓடி வந்தார். சரக்கு தொங்கும்போது கீழ காவல் இல்லாம விட்டுட்டுப் போக முடியாது. "சார், இந்தத் தடுப்புக் கயித்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. ஒரு ஈ, காக்கா உள்ள வரக் கூடாது. வந்தா நீங்கதான் பொறுப்பு"ன்னு சொல்லி அவர் கையில சிவப்புக் கொடியைக் குடுத்தேன். எதுக்குன்னே தெரியாம வாங்கிக்கிட்டு நின்னார்.

ஹெல்மெட்டோட, ரேடியோவோட, பூட்ஸ்ல ஒட்டின சிமென்டோட பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். முற்றத்துல பார்த்தா பன்னெண்டு வாண்டுங்க. எல்லாம் வானத்தைப் பார்த்துக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு, முன்னயும் பின்னயும் வீசிக்கிட்டு நிக்குதுங்க. மூக்கு ஒழுகுறது ஒண்ணு, ஒத்தைச் செருப்போட ஒண்ணு. நடுவுல தலைவி மாதிரி திருகாணி. பக்கத்துல டீச்சரம்மா. சின்னப் பொண்ணு, அவளும் கையை விரிச்சிக்கிட்டுத்தான் இருந்தா.

"என்னம்மா நடக்குது இங்க?"

"ஏரோப்ளேன் விளையாட்டுங்க. புதுசா வந்த பாப்பாதான் சொல்லிக் குடுத்தா. நல்லா இருக்குல்ல?"ன்னு டீச்சரம்மா சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தரத்துல தொங்குற கம்பிக் கட்டைப் பார்த்தா. அப்புறம் என் ஹெல்மெட்டைப் பார்த்தா. கையை மெதுவா இறக்கிக்கிட்டா.

நான் திருகாணி முன்னாடி மண்டி போட்டேன். முதல்ல முகத்தைத்தான் பார்த்தேன். அழுத தடமே இல்ல. கன்னத்துல பிஸ்கட் தூள். ஜம்முனு இருந்தா.

"ஏன்டி நிறுத்தச் சொன்னே? யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்ல."

"உனக்குப் பயமா இருக்கா? வீட்டுக்குப் போகணுமா?"

"இல்லையே." என்ன கேள்வி இதுங்கிற மாதிரி பார்த்தா.

"பின்ன?"

"அப்பா கண்ணு ஒழுகுது" அப்படின்னா. "காலையில பள்ளிக்கூட வாசல்ல என் ஷூவை மாட்டி விட்டாரு. அப்போ ஷூ மேல சொட்டு விழுந்துச்சு. ரெண்டு சொட்டு. கண்ணு சரியாத் தெரியாம கிரேன் ஓட்டக் கூடாதுன்னு அப்பாதான் சொன்னாரு. இப்போ வெளிய விளையாட வந்தேனா, கம்பி மேல போச்சு, அதான் நிறுத்தினேன்."

அவ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு கிடையாது. ஓட்டுறவன் கண்ணு தெளிவா இல்லேன்னா மெஷினைத் தொடக் கூடாது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது யாரு? நான். அவன் கண்ணு நான்தான்னு எட்டு வருஷமாப் பீத்திக்கிறேன், அவன் கண்ணை நான் அன்னிக்குப் பார்க்கவே இல்ல. லாரிக்காரனைத் திட்டிக்கிட்டிருந்தேன். வெக்கமா இருந்துச்சு, சொல்றதுக்கென்ன.

ரேடியோவை எடுத்தேன். "தம்பி, கேக்குதா?"

"கேக்குதுக்கா. என்னக்கா ஆச்சு? அழறாளா?"

"அவ அழல. அவ உன்னைப் பத்திக் கேக்குறா. உன் கண்ணு காஞ்சிடுச்சான்னு கேக்குறா."

காத்து இரையுற சத்தம் மட்டும் வந்துச்சு.

"காலையில ஷூ மேல ரெண்டு சொட்டு விழுந்துச்சாம். கண்ணு தெரியாம ஓட்டக் கூடாதுன்னு நிறுத்தியிருக்கா. இப்போ சொல்லு, ரேடியோல கேக்குறேன். காஞ்சிடுச்சா?"

"ஏறும்போதே துடைச்சுட்டேன்க்கா. ரெண்டு மணி நேரம் நல்லாத்தான் ஓட்டினேன்." அங்க நிறுத்தினான். அப்புறம் குரல் மாறிடுச்சு. "இப்போ காயல."

"சரி. உண்மையைச் சொன்னியே, அது போதும். மெஷின்ல இருந்து கையை எடு. கம்பி அப்படியே இருக்கட்டும்."

"நான் இறங்கி வந்துடறேன்க்கா. ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்துட்டு..."

"வேணாம்டா."

"பார்த்துட்டு வந்துடுவேன்க்கா."

"நீ பார்த்துட்டு வர்ற ஆளா? ரெண்டு தடவை பார்த்துட்டு வந்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே!"

அவன் சீட் பெல்ட்டைக் கழட்டுற சத்தம் ரேடியோல கேட்டுச்சு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. கத்திப் பயன் இல்ல. கத்தினா கேக்குற நிலைமையில அவன் இல்ல. திருகாணி என் கையில இருந்த ரேடியோவையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்பா குரல் அதுக்குள்ள இருந்து வர்றதை அவ கேட்டுட்டா.

"நான் பேசணும்"னா.

குழந்தை கையில ரேடியோ குடுக்கிறது தப்பு. சட்டப்படி தப்பு. சைட்ல இருக்கிற எல்லா ரேடியோலயும் வேற கேக்கும். இதே தப்பை வேற யாராவது பண்ணியிருந்தா நான் அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன். ஆனா பண்ணினேன். பட்டனை நானே அமுக்கிப் புடிச்சு, அவ வாய்க்கிட்ட வெச்சேன்.

"அப்பா."

பெல்ட் சத்தம் நின்னுடுச்சு.

"அப்பா, உனக்கு அழுகை வந்தா நீ வீட்டுக்குப் போ. நான் இங்க இருக்கேன்."

அவ்வளவுதான்னு நெனச்சுப் பட்டனை விடப் போனேன். என் விரல் மேல அவ விரலை வெச்சு அமுக்கினா.

"பயப்படாதே. சாயங்காலம் வந்துடுவேன்."

அதுக்கப்புறம் அவ வேலை முடிஞ்சுதுன்னு ஊஞ்சல் பக்கம் போயிட்டா. மத்த பதினொண்ணும் பின்னாடியே ஓடுச்சு. நான் மண்டி போட்டபடியே இருந்தேன். டீச்சரம்மா என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. "தூசி"ன்னு சொன்னேன். அவ நம்பல.

ரேடியோல ரொம்ப நேரம் யாரும் பேசல. அவன் பேசல. பதினாலு மாடியிலயும் வேலை செய்யுறவங்க பேசல. எதுக்கெடுத்தாலும் டைம் ஆகுதுன்னு சொல்ற மனுஷன், கையில சிவப்புக் கொடியோட நிக்கிறவர், அவரும் பேசல.

அப்புறம் அவன் குரல் வந்துச்சு. "அக்கா, அவ இருக்காளா?"

"ஊஞ்சல்ல ஆடுறா."

"அவகிட்ட சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போகல. நானும் இருக்கேன்னு சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். "சரி"ன்னா. திரும்பிக்கூடப் பார்க்கல. ஊஞ்சலுக்கு வரிசை கட்டி வேற நிக்குதுங்க, அவளுக்கு அவ கவலை.

நான் சைட்டுக்குத் திரும்பி என் இடத்துல நின்னேன். பத்து நிமிஷம் குடுத்தேன். முகம் கழுவச் சொன்னேன், தண்ணி குடிக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் பக்கம் திரும்பினேன். கொடியாலயே மூக்கைத் துடைச்சுக்கிட்டிருந்தார். "என் ரெண்டாவது பையன் பள்ளிக்கூடம் சேர்ந்த அன்னிக்கு நான் ஊர்லயே இல்லம்மா"ன்னார். "இப்போ அவன் காலேஜ்." அந்த மனுஷனை நான் அன்னிக்குத்தான் முதல் தடவையாத் திட்டாம விட்டேன்.

"அக்கா, கண்ணு தெளிஞ்சிடுச்சு."

"நெஜமா?"

"ரேடியோல சொல்றேன்."

"அப்போ வா. கீழ ஆள் இல்ல. மெதுவா மேல ஏத்து." கம்பிக் கட்டு ஏறுச்சு. ஒன்பதாவது மாடியில, வெச்ச இடத்துல ஒரு சத்தம் வராம வெச்சான். என் தம்பி கை அது.

மத்தியானம் என் போன் அடிச்சுது. அவன் பொண்டாட்டி. மேல இருக்கும்போது அவன் போனைத் தொட மாட்டான், அதனால என்னைக் கூப்பிட்டிருக்கா. சாப்பாட்டு நேரம் முடியப் போகுது, கவுன்ட்டரைத் திறக்கணும்னு அவசர அவசரமாப் பேசினா. பின்னாடி கூட்டம் சத்தம் போடுறது கேட்டுச்சு.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சுடறேன். இருந்துட்டாரா?"

"பொண்ணைத்தானே கேக்குறே? அவ..."

"அவளைப் பத்தி எனக்கு எப்பக்கா பயம் இருந்துச்சு? அவரு. அவரு இருந்துட்டாரா?"

"இருந்துட்டான்மா"ன்னேன்.

அந்தப் பக்கம் கவுன்ட்டர் ஜன்னல் பலகையைத் தூக்குற சத்தம் கேட்டுச்சு. போனை வைக்க மறந்துட்டா. அப்புறம் அவ குரல், எனக்கு இல்ல, எதிர்ல வரிசையில நிக்கிற யாருக்கோ, கணீர்னு கேட்டுச்சு.

"வாங்க சார், சொல்லுங்க. எங்க போகணும்?"